சென்னை மார்கழி, டொராண்டோ தை: கலப்புச் சருமத்துக்கு இரண்டு குளிர்கள்

காலையில் கழுவிய முகம் மதியச் சாப்பாட்டு வேளைக்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். அதே முகத்தில் கன்னம் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரல் பட்டால் சொரசொரக்கும். எண்ணெய்ப்பசையும் வறட்சியும் இப்படி அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் சருமத்தைத்தான் காம்பினேஷன் சருமம், அதாவது கலப்புச் சருமம் என்கிறார்கள். நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றும் சேர்ந்த எண்ணெய்ப் பகுதிக்கு ‘டி மண்டலம்’ என்று பெயர். கோடையில் முகம் முழுக்க ஒரே மாதிரி பிசுபிசுப்பதால் இந்த வேறுபாடு அவ்வளவாகக் கண்ணில் படாது. குளிர் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

குளிர்காலச் சருமக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஊர்க் குளிருக்கான குறிப்பு என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சென்னைக் கல்லூரி மாணவி, வட அமெரிக்காவில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கெட்டியான கிரீமை வாங்கி முகம் முழுக்க அப்பிக்கொள்கிறார். ஒரு வாரத்தில் நெற்றியெல்லாம் பரு. கனடாவில் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து குளியல் பொடி பெட்டியில் போகிறது. ஜனவரியில் அதைத் தேய்த்த கன்னம் எரிகிறது. ஆலோசனை இரு திசையிலும் கடல் தாண்டுகிறது. காற்று தாண்டுவதில்லை. சென்னையின் மார்கழியையும் டொராண்டோவின் தை மாதக் குளிரையும் அருகருகே வைத்து, ஒரே வகை முகம் இரண்டிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

இரண்டு ஊருக்கும் பொதுவானது

முதலில் எந்த ஊரிலும் மாறாததைச் சொல்லிவிடலாம். முகத்தின் எண்ணெய்ப் பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கை கால்களில் இது நூற்றுக்கும் குறைவு. கன்னம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கலப்புச் சருமம் ஒரு நோயல்ல, சுரப்பிகள் சீராகப் பரவாததன் விளைவு மட்டுமே என்பது இதிலிருந்து விளங்கும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. முகத்தில் இருப்பது ஒரே எண்ணெய் அல்ல, இரண்டு. சுரப்பிகள் வெளியே தள்ளுவது ‘சீபம்’. கொழுப்பு, மெழுகு, ஸ்குவாலின் ஆகியவை கலந்த பசை அது. இன்னொன்று சருமத்தின் மேலடுக்கிலேயே, உயிரணுக்களுக்கு நடுவே தங்கியிருப்பது. அதில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்கள். அமெரிக்கச் சரும ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இந்த அமைப்பைச் செங்கல் சுவராக விளக்கினார்: உயிரணு செங்கல், இந்தக் கொழுப்பு நடுவிலுள்ள பூச்சு. உடம்பின் நீர் வெளியே ஆவியாகாமல் காப்பது இந்தப் பூச்சுதான். சீபத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. அதனால்தான் மூக்கில் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போதே அந்த இடத்துத் தோல் உள்ளுக்குள் நீர் வற்றியும் இருக்க முடிகிறது.

சோப்புக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு போகும். சீபம் சில மணி நேரத்தில் மறுபடி ஊறிவிடும். நடுவிலிருக்கும் பூச்சு திரும்பி வர நாட்கணக்கில் ஆகும். கலப்புச் சருமக்காரர்கள் எண்ணெய் போகட்டும் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை முகம் கழுவினால், எண்ணெய் போகாமல் கன்னம் மட்டும் காய்வது இதனால்தான்.

காற்றில் எவ்வளவு தண்ணீர்

இனி வேறுபாட்டுக்கு வருவோம். சென்னையில் மார்கழி என்பது வடகிழக்குப் பருவமழையின் வால். விடியலில் 21 டிகிரி செல்சியஸ், மதியம் 29 டிகிரி என்பது வழக்கமான அளவு. கடலும் பக்கத்தில், தரையும் மழையில் நனைந்தது. 25 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 17 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது.

டொராண்டோவில் ஜனவரியில் பல நாட்கள் பகலிலேயே வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டுவதில்லை. இரவில் மைனஸ் 10 வரை இறங்குவது சாதாரணம். அந்தக் குளிரில் காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீரைத் தாங்கும். வானிலை அறிக்கை ‘ஈரப்பதம் 80 விழுக்காடு’ என்று சொல்லும். கேட்பவருக்குச் சென்னையைப் போலத்தானே என்று தோன்றும். அந்த விழுக்காடு மிகச் சிறிய ஓர் அளவின் விழுக்காடு. அதே காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 21 டிகிரிக்குச் சூடாகும்போது உண்மை வெளிவருகிறது. அதன் ஈரப்பதம் 10, 12 விழுக்காட்டுக்கு விழுகிறது. சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றினாலும் பல வீடுகளில் 20, 30 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

ஆக, டொராண்டோவில் முகத்தை வாட்டுவது வெளியே உள்ள பனியைவிட உள்ளே ஓடும் ஹீட்டர்தான். வெளியே நிற்பது சில நிமிடம். உள்ளே இருப்பது நாள் முழுக்க. சென்னையில் இதற்கு நிகராகச் சொல்லக்கூடியது ஏசி அறை மட்டுமே. ஏசியும் காற்றின் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியே சொட்டவிடுகிறது. ஆனாலும் சென்னை அலுவலகத்தின் ஏசி, டொராண்டோ ஹீட்டர் அளவுக்குக் காற்றை வறட்டுவதில்லை. கன்னம் லேசாக இழுக்கும். வெளியே வந்து ஒரு டீ குடிப்பதற்குள் சரியாகிவிடும்.

டி மண்டலம் எங்கே அடங்குகிறது

எண்ணெய் சுரப்பும் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது. தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் வெளிவரும் சீபத்தின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு மாறும் என்று 1970-இல் பிரிட்டனில் கன்லிஃப், பர்ட்டன், ஷுஸ்டர் ஆகியோர் காட்டினார்கள்.

இதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால், மார்கழி விடியலில் மட்டும் நெற்றி அமைதியாக இருக்கும். கோலம் போட்டு முடித்து, பஸ் பிடித்து, பத்து மணி வெயிலைக் கடக்கும்போது பழைய கதை தொடங்கிவிடும். வியர்வையும் சேர்ந்துகொள்ளும். சென்னையின் குளிர்காலம் கலப்புச் சருமத்தின் எண்ணெய்ப் பாதியை அசைப்பதே இல்லை என்று சொன்னாலும் பெரிய தவறில்லை.

டொராண்டோவில் நிலைமை வேறு. குளிர்காற்றுபட்ட முகத்தில் எண்ணெய் குறைவாகவும் கெட்டியாகவும் வருகிறது. முதல் குளிர்காலத்தைக் கடப்பவர்கள் பலர் “என்ர எண்ணெய்த் தோல் மாறிப்போச்சு” என்று நினைப்பது இதை வைத்துத்தான். மாறவில்லை, சுரப்பிகள் அங்கேயேதான் இருக்கின்றன. சூடான அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூக்கு மறுபடி மினுங்கும். ஆகவே முகம் முழுவதும் வறண்டுவிட்டது என்று முடிவுகட்டி எல்லா இடத்திலும் ஒரே கிரீமை அப்பினால், கன்னம் மகிழும், மூக்கோரம் அடைபடும்.

சுருங்கச் சொன்னால், சென்னைக் குளிரில் மூக்கின் தொல்லை அப்படியே நீடிக்கிறது, கன்னத்தின் தொல்லை சிறிது கூடுகிறது. டொராண்டோக் குளிரில் மூக்கின் தொல்லை பாதியாகிறது, கன்னத்தின் தொல்லை பல மடங்காகிறது. எதை முதலில் கவனிப்பது என்ற வரிசையே இங்கே தலைகீழாகிவிடுகிறது.

கழுவுவதில்

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் ஐந்தை ஒட்டி நிற்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். இது இரண்டு ஊருக்கும் பொது. சென்னையில் இதோடு போர் தண்ணீரும் சேர்கிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மார்கழியில் கன்னம் வெள்ளை பூத்திருந்தால் பனியைக் குற்றம் சொல்வதற்கு முன் குழாய்த் தண்ணீரையும் சோப்பையும் சந்தேகிக்க வேண்டும். சோப்பில்லாத மென்மையான ஃபேஸ்வாஷுக்கு மாறினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் சேர்த்து அரைத்த குளியல் பொடிக்குச் சென்னையில் இன்றும் இடமுண்டு. மாவு எண்ணெயை உறிஞ்சும். மூக்கிலும் நெற்றியிலும் வாரத்துக்கு ஓரிரு முறை குழைத்துப் பூசிக் கழுவுவது நல்லதுதான். கன்னத்தில் பரபரவென்று தேய்க்காமல் விட்டால் போதும். முல்தானி மட்டிக்கும் இதே கணக்கு: டி மண்டலத்துக்கு மட்டும், அதுவும் காய்ந்து வெடிப்பதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

டொராண்டோ ஜனவரியில் இந்த இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மேலடுக்கை மாவின் துகள்கள் சுரண்டிவிடும். அங்கே காலையில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இரவில் ஒரு முறை நுரை அதிகம் வராத கிளென்சர் போதும். பெரிய தவறு சுடுதண்ணீர். வெளியே மைனஸில் நின்றுவிட்டு வந்தவருக்கு ஷவரின் கீழே இருபது நிமிடம் கொதிக்கக் கொதிக்க நிற்கத் தோன்றும். அந்தச் சுகத்தின் விலையைக் கன்னமும் முழங்காலும் கொடுக்கின்றன.

பூசுவதில்

மாய்ஸ்சரைசர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வேலைகள் உண்டு. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்றவை நீரை இழுத்து வைப்பவை. செராமைடும் சில எண்ணெய்களும் இடைவெளியை நிரப்பி மென்மையாக்குபவை. வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி நீர் வெளியேறாமல் மூடுவது. ஊருக்கேற்ப இந்த மூன்றின் விகிதத்தை மாற்றுவதுதான் சூட்சுமம்.

சென்னையில் முதல் வகையே போதும். காற்றில் ஈரம் இருப்பதால் கிளிசரின் கலந்த இலகுவான ஜெல் அல்லது லோஷன் கன்னத்தில் நன்றாக வேலை செய்யும். டி மண்டலத்துக்குப் பகலில் தனியாக எதுவும் பூசாமல் விட்டாலும் குற்றமில்லை. நியாசினமைடு சேர்ந்த லோஷன் என்றால் முகம் முழுக்கப் பூசலாம். அது எண்ணெயைச் சற்றுக் குறைக்கவும் செய்யும், மேலடுக்குக்குத் துணையும் நிற்கும்.

டொராண்டோவில் முதல் வகையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. இழுத்துக்கொள்ளக் காற்றில் நீரே இல்லை. முகம் கழுவித் துணியால் ஒற்றியதும், ஈரம் காய்வதற்குள், செராமைடு சேர்ந்த கிரீமைக் கன்னத்தில் பூச வேண்டும். இரவில் அதன் மேல் கன்னத்துக்கும் உதட்டுக்கும் மட்டும் மெல்லியதாக வாசலின். மூக்கிலும் நெற்றியிலும் லோஷனோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு டப்பா வாங்குவது செலவுதான். ஆனால் ஒரே டப்பாவால் இரு பகுதியையும் கெடுத்துக்கொண்டு மூன்றாவதாகப் பரு மருந்து வாங்குவதைவிட அது மலிவு.

தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு ஊர்த் தமிழ் வீடுகளிலும் அதுதான் முதல் மருந்து. வறண்ட தோலுக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. 2004-இல் வெளிவந்த பிலிப்பைன்ஸ் ஆய்வொன்றில் மினரல் ஆயிலுக்கு நிகராக அது வேலை செய்தது. ஆனால் அந்த ஆய்வில் பூசியது காலில். கை கால்களுக்கும் குதிகாலுக்கும் தாராளமாகப் பூசுங்கள். கலப்புச் சரும முகத்தின் நடுப்பகுதிக்கு அது ஏற்றதல்ல. நுண்துளைகள் அடைபட்டுப் பரு வரக்கூடும். மார்கழியில் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கும் நாட்களில் நெற்றியோரம் சின்னச் சின்னப் பருக்கள் எழுவதும் இதே காரணத்தால்தான். சீயக்காயால் தலையை அலசியதும் நெற்றியையும் காதோரத்தையும் தனியாக ஒருமுறை கழுவிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

செதில் எல்லாம் வறட்சியல்ல

இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடக்கும் குழப்பம் ஒன்றுண்டு. மூக்கின் இரு பக்க மடிப்பிலும் புருவத்திலும் மஞ்சள் கலந்த செதில் உதிர்ந்தால் பலர் அதைப் பனி வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவுகிறார்கள். பெரும்பாலும் அது பொடுகின் உறவான செபோரிக் டெர்மடைட்டிஸ். மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு அதில் பங்குண்டு; அது கொழுப்பு அமிலங்களைத் தின்று வாழ்வது. எண்ணெய் தடவுவது அதற்குச் சோறு போடுவதாகிவிடும். குளிர்காலத்தில் இது கூடும் என்பதால் டொராண்டோவில் ஏமாறுவோர் அதிகம். அடையாளம் எளிது: எண்ணெய் சுரக்கும் இடத்திலேயே செதில் என்றால் சந்தேகப்படுங்கள். கன்னத்தில் வெள்ளையாக, நுண்மையாக உதிர்ந்தால் அது வறட்சி.

நம் நிறத் தோலுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெள்ளைத் தோலில் வறட்சி சிவப்பாகத் தெரியும்; நமக்கோ சாம்பல் பூத்தாற்போல் தெரியும், பிறகு கறுத்துவிடும். உதட்டை நக்குவதாலும் செதிலைப் பிய்ப்பதாலும் வரும் கருந்தடம் மாதக்கணக்கில் மறையாது. அந்தத் தடத்தைப் போக்க மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் ‘வெளுப்பு’ கிரீம்கள் சென்னையின் பெரும் ஆபத்து. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும். 2018-இல் இந்திய அரசு இத்தகைய கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று இறுக்கியும் பழக்கம் ஓயவில்லை.

வெயிலில்

டிசம்பர் 21 அன்று நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் நிற்கும். டொராண்டோவில் 23 டிகிரிதான். ஆகவே மார்கழி என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாத ஊர் சென்னை. எண்ணெய் சேராத ஜெல் வகையில் எஸ்பிஎஃப் 30 போதும். டொராண்டோவில் ஜனவரி வெயில் பலவீனமானது. ஆனாலும் புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால், பனியில் நெடுநேரம் சறுக்குபவர்களும் நடப்பவர்களும் பூசிக்கொள்வது நல்லது. அலுவலகம், வீடு, சப்வே என்று அடைந்திருப்பவர்களுக்கு அவசரமில்லை. அந்தப் பணத்தை நல்ல கிரீமுக்கும், காற்று அறையாதபடி கன்னத்தை மூடும் பருத்தி ஸ்கார்ஃபுக்கும் செலவிடலாம். கம்பளி நேரடியாகக் கன்னத்தில் உரசினால் அரிக்கும்.

தீர்ப்பு

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், சென்னைக் குளிர் கலப்புச் சருமத்துக்குப் பகையே அல்ல. அங்கே கெடுதல் பெரும்பாலும் நாம் செய்துகொள்வது: கடினமான சோப்பு, தேவையற்ற கெட்டிக் கிரீம், மருந்துக்கடை வெளுப்பு. குறைவாகச் செய்தால் போதும். டொராண்டோக் குளிர் உண்மையிலேயே கடுமையானது. அங்கே சும்மா இருந்தால் கன்னம் வெடிக்கும். கூடுதலாகச் செய்தே ஆக வேண்டும், அதையும் கன்னத்துக்கு மட்டும். படுக்கையறையில் ஹியூமிடிஃபையர் வைப்பது எந்தக் கிரீமுக்கும் குறைந்ததல்ல. ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து வழியத் தொடங்கினால் ஈரம் அதிகமாகிவிட்டது, குறைக்க வேண்டும் என்று பொருள்.

ஊட்டியில், தில்லியில், லண்டனில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்பது? ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டாம், தெர்மாமீட்டரையும் பார்க்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி, நீங்கள் அதிக நேரம் இருக்கும் அறையில் வையுங்கள். முள் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேலே நின்றால் சென்னை வழி. முப்பதுக்குக் கீழே இறங்கினால் டொராண்டோ வழி. நடுவில் நின்றால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கன்னம் வெடித்து நீர் கசிந்தாலோ, அரிப்பில் தூக்கம் கெட்டாலோ, எந்த ஊராக இருந்தாலும் சரும மருத்துவரிடம் போய்விடுங்கள். அது பராமரிப்பு தாண்டிய விஷயம்.